படியில் விழும் ஒளியா, கண்ணாடியில் தெரியும் குறியா?

குறைபார்வை உள்ளவர்களுக்கு மாடிப்படி ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரும்பாடு. மேலிருந்து பார்த்தால் ஒரே நிறத்துச் சிமென்ட் படிகள் எல்லாம் ஒன்றாகக் கலந்து சரிவு போலத் தெரியும். ஆனால் இவர்களுக்குப் பார்வை முழுதாகப் போய்விடவில்லை. காதில் ஒலித்து வழிசொல்லும் கருவியைவிட, மிச்சமிருக்கும் பார்வைக்குத் துணைநிற்கும் கருவிதான் இவர்களுக்குத் தேவை.

அப்படி இரண்டு வழிகளை அமெரிக்காவில் யுஹாங் ஜாவோ, ஷிரி அசென்கோட் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் வடிவமைத்து, 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒவ்வொரு வழியையும் குறைபார்வை உள்ள 12 பேர் சோதித்தார்கள்.

முதல் வழி கையடக்கப் புரொஜெக்டர். படியின் மீதே ஒளிக்கோடு விழும். கால் வைக்க வேண்டிய இடமும் கண் பார்க்கும் இடமும் ஒன்றாகிவிடுகிறது. இதில் நடக்கும் வேகமே கூடியது.

இரண்டாவது ஸ்மார்ட் கண்ணாடி, அதாவது கண்ணெதிரே சிறு திரை கொண்ட மூக்குக்கண்ணாடி. இதன் திரை மேலும் கீழும் குறுகலானது. காலடிப் படிகள் அதற்குள் அடங்காது. அதனால் படியைக் காட்டாமல், படிக்கட்டில் நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதை மட்டும் குறியாகக் காட்டினார்கள். மனதளவில் பாதுகாப்பாக உணர்ந்ததாக இரண்டு வழியிலுமே பெரும்பாலும் சொன்னார்கள். என்றாலும் குறியைப் பார்த்து, பொருள் புரிந்து, அப்புறம் காலை நகர்த்துவது ஒரு கூடுதல் வேலை. என் ஓட்டு புரொஜெக்டருக்கே.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. 50 லூமென் (விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு) தரும் கையடக்கப் புரொஜெக்டரின் ஒளி அரைச் சதுர மீட்டரில் விழுந்தால் 100 லக்ஸ்தான் (ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளியின் அளவு) கிடைக்கும். மங்கலான மாடிப்படிக்கு அது போதும். உச்சிவெயிலோ ஒரு லட்சம் லக்ஸ்! கோயில் குளத்துப் படியில் அந்தக் கோடு இருக்கும் இடமே தெரியாது. வெளியில் ஸ்மார்ட் கண்ணாடிதான் ஓரளவு கைகொடுக்கும்; நிறம் பூசிய கண்ணாடியை முன்னால் மாட்டி வெயிலைக் குறைக்கலாம். கூட்டத்தில் முன்னால் போகிறவர் முதுகில் ஒளி விழும் சிக்கலும் அதில் இல்லை. ஆனால் ஏற்கெனவே பவர் கண்ணாடி போட்டவருக்கு அதன்மேல் இன்னொன்று சுமைதான்.

சரி, உங்கள் வீட்டுப் படிக்கு? இரண்டும் வேண்டாம். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் வழுக்காத மஞ்சள் பட்டை ஒட்டிவிடுங்கள். அதற்கு பேட்டரி வேண்டாம், விளக்கைப் போட்டால் போதும். புரொஜெக்டர் வேண்டியது, நம்மால் பட்டை ஒட்ட முடியாத அடுத்தவர் படிகளில்தான்.