நாகை கரைக்கு எந்த பாய்ப்படகு சரிப்படும்? கீல் யாட், கேட்டமரான், பலகை தூக்குற படகு, பீச் கேட் – ஒரு அலசல்

யாட் (சொந்தமா வச்சு ஓட்டுற பாய்ப்படகு) வாங்கணும்னு ஆசைப்படுறவங்ககிட்ட பேசுனா முதல் கேள்வி எத்தன அடி, ரெண்டாவது கேள்வி உள்ள எத்தன பெட்ரூம். ரெண்டுமே நம்ம பக்கத்துக்கு அப்பறமா கேக்க வேண்டிய கேள்விங்க. பூம்புகார்ல ஆரம்பிச்சு தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம்னு தெக்கால போயி கோடியக்கரையில மேக்க மடங்கி முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வரைக்கும் போற இந்த கரையில முதல்ல கேக்க வேண்டியது ரெண்டே ரெண்டுதான்: படகு தண்ணிக்குள்ள எவ்வளவு இறங்கி நிக்கும், புயல் வர்ற நவம்பர் மாசம் அத எங்க கொண்டுபோய் வைப்பீங்க.

ஏன்னா நம்ம கரை மணலும் சேறும்தான். தென்மேற்கு பருவத்துல மணல் வடக்க நகருது, வடகிழக்கு பருவத்துல தெக்க நகருது, முகத்துவாரம் வருஷா வருஷம் இடம் மாறுது. மேட்டூர் தண்ணி வராத மாசங்கள்ல சின்ன ஆத்து வாயெல்லாம் மணல் திட்டு அடைச்சு நிக்கும், மழை வந்து வெள்ளம் தள்ளுனாதான் திரும்ப தொறக்கும். நாகப்பட்டினத்துல கடுவையாத்து வாய், காரைக்கால்ல அரசலாத்து வாய், இந்த மாதிரி இடத்துலதான் மீன்பிடி துறைமுகமே இருக்கு, அதுலயும் விசைப்படகு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கும். காரைக்கால் பெரிய துறைமுகம் சரக்கு கப்பலுக்கானது. யாட் கட்டிப்போட மிதக்கும் ஜெட்டி, கரன்ட் கனெக்‌ஷன், தண்ணி குழாய்னு இருக்குற மரீனா நம்ம டெல்டாவுல கிடையாது. அந்த மாதிரி வேணும்னா கொச்சி போல்காட்டி பக்கம் போகணும். இத மனசுல வச்சுகிட்டு ஒவ்வொண்ணா பாப்போம்.

கீல் யாட்

படத்துல பாக்குற யாட் இதான். அடியில கனமா ஈயமோ இரும்போ வச்ச கீல், காத்து சாய்ச்சாலும் அந்த கனம் இழுத்து நிமித்திடும். 30 லேர்ந்து 36 அடி படகுன்னா சாதாரணமா ஒன்றரை மீட்டர்லேர்ந்து ரெண்டு மீட்டர் வரைக்கும் தண்ணிக்குள்ள இறங்கி நிக்கும். நடுக்கடல்ல இதுக்கு ஈடு இல்ல. 1968-69ல எங்கயும் நிக்காம தன்னந்தனியா உலகத்த சுத்தி வந்த முதல் ஆள் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், அவரு ஓட்டுன சுஹைலி 32 அடி படகு, நம்ம பம்பாயில தேக்குல கட்டுனது. அபிலாஷ் டோமி, தனியா உலகத்த சுத்துற 2022-23 கோல்டன் குளோப் ரேஸ்ல ரெண்டாவதா வந்ததும் நீள கீல் வச்ச 36 அடி படகுலதான். நேவியோட ஐஎன்எஸ்வி தாரிணி கோவாவுல கட்டுனது, 56 அடி, அதுல நேவி ஆபீசருங்க தில்னாவும் ரூபாவும் ரெண்டே பேரா 2024 அக்டோபர்ல கிளம்பி 2025 மே கடைசில உலகத்த சுத்தி முடிச்சாங்க. ரூபா நம்ம புதுச்சேரி பொண்ணுங்கறதால காரைக்கால்காரங்க கொஞ்சம் காலர தூக்கிவிட்டுக்கலாம்.

கீல்லயே ரெண்டு வகை இருக்கு, இத நம்ம கடலுக்கு தனியா பேசியே ஆகணும். ஒண்ணு ஃபின் கீல், மீன் துடுப்பு மாதிரி குறுகலா கீழ இறங்கும், சுக்கான் பின்னால தனியா தொங்கும். வேகமா போகும், சின்ன இடத்துலயும் சட்டுனு திரும்பும். இன்னொண்ணு லாங் கீல், அணியத்துக்கு (படகோட முன்மூக்கு) கொஞ்சம் பின்னால ஆரம்பிச்சு பின்பக்கம் வரைக்கும் ஒரே ஓட்டமா போகும், சுக்கான் அதோட கடைசில ஒட்டியிருக்கும். திரும்புறதுக்கு சோம்பேறி, ரிவர்ஸ்ல சொல்பேச்சு கேக்காது. ஆனா ராத்திரி நேரத்துல நம்ம கடல்ல எத்தன வல கிடக்கும்னு யோசிச்சு பாருங்க, செவுள் வலய விட்டுட்டு லைட்டு மினுக்குன்னு ஒரு மிதவையோட நிக்கிற ஃபைபர் போட்டுங்க கோடியக்கரை தாண்டுற வரைக்கும் இருக்கும். ஃபின் கீல்னா வல நேரா கீலுக்கும் சுக்கானுக்கும் நடுவுல போய் மாட்டும், ப்ரொப்பல்லர்லயும் சுத்திக்கும். லாங் கீல்ல பெரும்பாலும் வல கீழயே வழுக்கிட்டு போயிடும். வல கிழிஞ்சா அது ஒரு குடும்பத்தோட மொதல், சும்மா சாரி சொல்லிட்டு போற விஷயம் இல்ல. அதனால கீல் யாட்தான் வேணும்னு ஒத்த காலுல நிக்கிறவங்களுக்கு நான் லாங் கீல்தான் சொல்லுவேன், ரேஸ்காரங்க திட்டுனாலும் பரவால்ல.

சரி, அதுல பிரச்சன என்ன? வைக்க இடமில்ல. முகத்துவாரத்துல அலை உடையுற நேரத்துல ஒன்றே முக்கால் மீட்டர் கீலோட உள்ள நுழையுறது சூதாட்டம், தரைதட்டுனா அடுத்த அலை பக்கவாட்டுல தூக்கி அடிக்கும். வெளிய நங்கூரம் போட்டு வைக்கலாம்னா திறந்த கடல், ஒதுங்க ஒரு வளைவு கிடையாது. 2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறுனப்ப கட்டிவச்ச படகுங்க என்ன கதிக்கு ஆச்சுன்னு இந்த கரையில எல்லாருக்கும் தெரியும். ஆக இந்த வகை படகு வாங்குனா அது கொச்சியிலயோ வேற எங்கயாவதோ இருக்கும், நீங்க திருவாரூர்லேர்ந்து ரயில் ஏறி போய் பாத்துட்டு வருவீங்க.

ட்வின் கீல்

இத இங்கிலாந்து யாட் விளம்பரத்துல பாத்துட்டு நம்ம ஆளுங்க மயங்குறாங்க. ஒரு கீலுக்கு பதிலா ரெண்டு குட்டை கீல், ஆழம் ஒரு மீட்டர் சொச்சம்தான், தண்ணி வத்துனா சேத்துல நிமிந்து உக்காந்துக்கும். கேக்க நம்ம ஊருக்கே செஞ்ச மாதிரி இருக்கும். ஆனா அங்க ஓதம் (கடல் ஏத்த இறக்கம்) பல மீட்டர் ஏறி இறங்கும், காலைல சேத்துல உக்காந்த படகு சாயங்காலம் தானா மிதந்துடும். நம்ம கரையில ஓதம் ஒரு மீட்டர்கூட இல்ல. இங்க சேத்துல உக்காந்தா உக்காந்ததுதான், அடுத்த ஓதம் வந்து தூக்கிவிடும்னு நம்பி இருக்க முடியாது. ஆழம் கம்மிங்கற ஒரு லாபம் மட்டும் மிச்சம், அதுக்காக காத்த எதுத்து போறதுல கொஞ்சம் கோட்டை விடுறோம். எனக்கு இது பிடிக்கல.

பெரிய கேட்டமரான்

ரெண்டு ஹல் (படகோட உடம்பு), நடுவுல ஹால், சமையலறை, மேல சோஃபா. 40 அடின்னா அகலமே ஆறரை ஏழு மீட்டர் வரும். காலை அகட்டி நிக்கிற ஆள் மாதிரி, சாய்வே இருக்காது, டீ கிளாஸ மேஜைல வச்சா அங்கேயே நிக்கும். கடல்ல வாந்தி எடுக்குற வீட்டம்மாவையும் பெரியவங்களையும் கூட்டிட்டு போகணும்னா இதுதான் மரியாதை. ஆழமும் 1.2, 1.4 மீட்டர்தான். ஆனா அந்த ஏழு மீட்டர் அகலத்த விசைப்படகு நெரிசல்ல எங்க நுழைப்பீங்க? வெளிநாட்டுலேர்ந்து இறக்குனா வரி வேற. எல்லாமே ரெண்டு ரெண்டு, ரெண்டு இஞ்சின், ரெண்டு சுக்கான், அடிபெயின்ட் அடிக்கவும் ரெண்டு ஹல். இன்னொண்ணு, இது கவுந்தா தலைகீழா அப்படியே நிக்கும், தானா நிமிராது. சுலபத்துல கவுறாதுங்கறது உண்மை, ஆனா காத்து ஏறும்போது பாய சீக்கிரமா குறைக்கணும், சாய்வு எச்சரிக்க தராதுல்ல. துபாய்ல இருக்குற மச்சான் ஒருத்தன் இதத்தான் வாங்கணும்னு நிக்கிறான், அங்கயே வாங்கி அங்கயே வச்சுக்கடான்னு சொல்லிட்டேன்.

பலகை தூக்குற படகு

இங்கதான் நம்ம கரைக்கு விஷயமே ஆரம்பிக்குது. 20 லேர்ந்து 25 அடி, சென்டர்போர்டு இல்லன்னா லிஃப்டிங் கீல், அதாவது அடியில இறக்கி ஏத்துற பலகையோ கீலோ. கீழ இறக்குனா 1.2 லேர்ந்து 1.5 மீட்டர், தூக்கிட்டா அரை மீட்டருக்குள்ள. ட்ரெய்லர்ல ஏத்தி ஜீப்பு பின்னால மாட்டி வீட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்திடலாம். நவம்பர் பிரச்சன அதோட தீந்துச்சு, புயல் வருதுன்னா பாய்மரத்த இறக்கி படகையே மன்னார்குடிக்கு கூட்டிட்டு போயிடலாம்.

கோடியக்கரைக்கு மேக்க இருக்குற தண்ணிக்கு இத விட்டா வேற ஆளே இல்ல. முத்துப்பேட்டை லகூன்ல பல இடத்துல இடுப்பளவு தண்ணி கூட இருக்காது, அதுவும் அலையாத்தி காட்டுக்குள்ள போக வனத்துறை அனுமதி வேணும், அத வாங்காம போகாதீங்க. வெளிய பாக் நீரிணையில பெரும்பாலும் ஆழமே பத்து மீட்டரச் சுத்திதான், அதனால காத்து கொஞ்சம் ஏறுனாலே அலை குட்டையா செங்குத்தா அடுத்தடுத்து வரும். பெருசா எழும்பி நிதானமா வர்ற வங்கக்கடல் அலை மாதிரி இருக்காது, எலும்ப ஆட்டிடும். லேசான படகு அதுல தட்டு தட்டுன்னு அடிவாங்கும்.

இத வாங்கும்போது கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு, விக்கிறவன் நழுவுவான், விடாதீங்க. எத்தன டிகிரி வரைக்கும் சாஞ்சா திரும்பி நிமிரும்? நல்ல கடல் படகுக்கு 120 டிகிரி பக்கம் இருக்கும். பலகை தூக்குற சின்ன படகுல சிலதுக்கு அடிக்கனம் கம்மி, பலகைய தூக்கி வச்சிருக்கும்போது படுத்துட்டா படுத்ததுதான். தண்ணி ரொப்பி கனம் ஏத்துற மாடல்ல டேங்க் முழுசா ரொம்பாம போகவே கூடாது. பலகை தூக்குற வயரும் கப்பியும் உப்புல அரிச்சு போகும், பலகை போற பொந்துல மணலும் சிப்பியும் அடைக்கும், மாசம் ஒருக்கா சுத்தம் பண்ற பொறுமை இல்லாதவங்க இந்த பக்கம் வர வேணாம்.

நாகையிலேர்ந்து இலங்கையில இருக்குற காங்கேசன்துறைக்கு இதுல போக முடியுமான்னு நிறைய பேருக்கு கனவு இருக்கு. 2023 அக்டோபர்ல கப்பல் விட்டதுலேர்ந்து இந்த கேள்வி ஜாஸ்தி ஆயிடுச்சு. கிட்டத்தட்ட 110 கிலோமீட்டர், பாய்ப்படகு சராசரி அஞ்சு நாட் (மணிக்கு சுமார் ஒன்பது கிலோமீட்டர்) போச்சுன்னா 12 மணி நேரம். தூரம் பெரிய விஷயம் இல்ல, இமிக்ரேஷன், கஸ்டம்ஸ், எல்லைக்கோடு, அதெல்லாம்தான் விஷயம். பேப்பர் இல்லாம கோட்ட தாண்டுனா என்ன ஆகும்னு நம்ம மீனவங்கள கேட்டா தெரியும். ஜிபிஎஸ்ல அந்த கோட்ட சிவப்புல குறிச்சு வச்சுட்டு இந்தப்பக்கமே ஓட்டுங்க. தெக்க பாம்பன் தாண்டலாம்னா ரயில் பாலத்துல 72.5 மீட்டர் பகுதி மேல தூக்கும், பக்கத்துல ரோட்டு பாலம் தூக்காது, அதனால பாய்மரத்தோட உயரத்த அளந்துட்டு கிளம்புங்க.

பீச் கேட், லேசர்

கரையிலேர்ந்தே தள்ளி, கரையிலேயே ஏத்துற படகு. பீச் கேட்னா ரெண்டு ஹல் வச்ச சின்ன கேட்டமரான். ஹோபி 16 எடுத்துக்குங்க, அஞ்சு மீட்டர் நீளம், 145 கிலோ, ரெண்டு பாயும் சேத்து 20 சதுர மீட்டர். கீழ பலகையே கிடையாது, ஹல்லோட வடிவமே பக்கவாட்டுல நழுவாம பிடிக்கும். சுக்கான் தரையில தட்டுனா தானா மேல மடங்கிக்கும். அலை உடையுற இடத்த தாண்ட நம்ம ஆளுங்க கட்டுமரத்துல என்ன பண்ணாங்களோ அதேதான், ரெண்டு பெரிய அலை போகட்டும்னு காத்திருந்து சின்ன அலையில தள்ளி ஏறிக்கணும். நாகூர், தரங்கம்பாடி மாதிரி திறந்த மணல் கரைக்கு இத அடிச்சுக்க எதுவும் இல்ல. கவுந்தா ரெண்டு பேர் கயித்த பிடிச்சு தொங்கி நிமித்தலாம், ஒல்லியான ஆள் ஒருத்தரா போனா நிமித்துறது கஷ்டம், அதனால தனியா போகாதீங்க.

தனியாத்தான் போவேன்னா லேசர், இப்ப பேரு இல்கா. நாலேகால் மீட்டர், ஹல் 59 கிலோ சுமார், ஒரே பாய், அதுவும் மூணு சைஸ்ல வருது, ஆள் எடைக்கு தகுந்த மாதிரி மாத்திக்கலாம். சென்னை பொண்ணு நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக் போனது இந்த வகையிலதான். ஆனா இது சொகுசு படகு இல்ல, முழுக்க நனையணும், இடுப்பு வலிக்கணும். பசங்களுக்குன்னா ஆப்டிமிஸ்ட், 2.3 மீட்டர் தொட்டி, 15 வயசு வரைக்கும். இது ரெண்டையும் முதல்ல சென்னையில ஒரு க்ளப்புல ஓட்டி பழகிட்டு அப்பறம் இங்க கொண்டாங்க. 

காத்து விஷயத்துல சின்ன படகுக்கு நம்ம ஊரு கொடுத்து வச்சது. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில, கடல் கொஞ்சம் காலியா கிடக்கும், மத்தியானத்துக்கு மேல கடல் காத்து சீரா எழும்பும். ஜனவரி, பிப்ரவரியில வாடை தணிஞ்சு வரும்போதும் நல்லா இருக்கும். அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் படக மூடி வச்சுட்டு வேற வேலைய பாக்கணும், அதுக்கு மேல அதுல விவாதம் இல்ல.

ரிப்பேர்னு பாத்தா ஃபைபர்ல எந்த படகா இருந்தாலும் நமக்கு பயமில்ல. சுனாமிக்கு அப்பறம் இந்த கரையே ஃபைபர் போட்டுக்கு மாறிடுச்சு, ரெசினும் மேட்டும் வச்சு ஒட்டுற கைக்கு பஞ்சமில்ல. பாய், அலுமினிய மரம், ஸ்டெயின்லெஸ் வயர், இதுக்குத்தான் வெளிய அலையணும். அதனால பாகம் கம்மியா இருக்குற படகா பாத்து எடுக்குறது புத்திசாலித்தனம், ஹோபியும் லேசரும் அதுலயும் ஜெயிக்குது.

என்னை கேட்டா, பூம்புகார் முதல் வேளாங்கண்ணி வரைக்கும் இருக்குறவங்க, ரெண்டு பேரா ஓட்டறதுன்னா பீச் கேட். அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை பக்கம், குடும்பத்தோட ராத்திரி படகுலயே தங்கணும்னா பலகை தூக்குற 22, 23 அடி. அந்தமான், மாலத்தீவுன்னு கனவு இருக்குறவங்க லாங் கீல் வாங்கி வெளியூர்ல வச்சுக்குங்க. எதுல போனாலும் லைஃப் ஜாக்கெட், விஎச்எஃப் ரேடியோ, கிளம்புறதுக்கு முன்னால மெரைன் போலீஸ்ல ஒரு வார்த்த, போன்ல கோஸ்ட் கார்டு நம்பர் 1554.

பழைய படகு பாக்க போனா சாயங்காலம் போகாதீங்க, நல்ல வெயில்ல போங்க. ஹல்ல சின்ன சுத்தியால தட்டிகிட்டே நடங்க, கணீர்னு இல்லாம பொத்துன்னு சத்தம் வர்ற இடத்துல உள்ள தண்ணி ஊறியிருக்கும். பாய வெயிலுக்கு எதுக்க பிடிச்சு தையல் நூல நகத்தால கீறுங்க, பொடிப்பொடியா உதிந்தா துணி நல்லாருந்தாலும் பாய் முடிஞ்சது. மரத்த பிடிச்சிருக்குற வயர் பத்து வருஷத்த தாண்டியிருந்தா மாத்துற செலவ விலையில கழிச்சுட்டுதான் பேச ஆரம்பிக்கணும்.