சாயத் தண்ணீரில் மெம்பரேன்: பல வருடப் புழக்கத்துக்குப் பிறகு

திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையின் சுத்திகரிப்பு நிலையத்தைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவு வெளியே போகவே கூடாது என்றாகிவிட்டது. ஆகவே மெம்பரேன் (தண்ணீரை விட்டு அழுக்கைத் தடுக்கும் மெல்லிய சவ்வு) வேண்டுமா என்று யாரும் இங்கே கேட்பதில்லை. எதை எங்கே போடுவது என்பதில்தான் எல்லாருக்கும் குழப்பம்.

ஆர்.ஓ. (அழுத்தம் கொடுத்துத் தண்ணீரை மெம்பரேன் வழியே தள்ளி, உப்பை நிறுத்தும் முறை) பற்றிக் குறை சொல்ல மாட்டேன். ஒரு கன மீட்டர் தண்ணீரை அப்படியே ஆவியாக்கினால் சுமார் 630 யூனிட் அளவு வெப்பம் தின்னும். பல அடுக்கு எவாப்பரேட்டர் (தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்கும் கருவி) ஒரே நீராவியைத் திரும்பத் திரும்ப வேலை வாங்கி இதை நன்றாகக் குறைக்கும். ஆனாலும் சில யூனிட் கரண்டில் முடிக்கும் ஆர்.ஓ. பக்கத்தில் அது வராது. ஆனால் டி.டி.எஸ். (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவு) 1,000 ஏறினால் சவ்வூடு அழுத்தம் (உப்புநீர் மெம்பரேனில் எதிர்த்துத் தள்ளும் அழுத்தம்) ஏறக்குறைய 0.7 பார் ஏறும். 6,000 டி.டி.எஸ். தண்ணீரில் 85% நல்ல தண்ணீராக எடுத்தால் ரிஜெக்ட் (எவாப்பரேட்டருக்குப் போகும் மிச்ச உப்புநீர்) 40,000-க்குப் போய்விடும். பம்பு தரும் அழுத்தத்தில் 28 பார் அதை ஈடுகட்டவே சரியாகிவிடும்.

எனக்கு உண்மையில் பிடித்தது நானோ ஃபில்ட்ரேஷன், அதாவது ஆர்.ஓ.-வைவிடச் சற்றுத் தளர்வான மெம்பரேன். சாயம் ஏற்றிய பின் வரும் முதல் உப்புக் குளியலைத் தனியாகப் பிடித்து அதில் விட்டால், சாயமும் கடினத்தன்மையும் (கால்சியம், மெக்னீசியம்) பெரும்பாலும் மேலே நின்றுவிடும். சாதா உப்பு கீழே இறங்கும். அந்த உப்புநீரை அடுத்த சாயத்துக்கே போடலாம். எவாப்பரேட்டருக்கும் பாரம் குறையும். ஆனால் சாதா உப்புக்குப் பதில் கிளாபர் உப்பு (சோடியம் சல்பேட்) போடும் பட்டறை என்றால் கதை வேறு: சல்பேட்டையும் இந்த மெம்பரேன் பிடித்துக்கொள்ளும், சாயத்தோடு உப்பும் மேலேயே தங்கும். எங்களுக்கு பிளான்ட் விற்க வந்தவர்கள் எந்த உப்பு போடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை! சல்பேட்டும் குளோரைடும் கலந்து எவாப்பரேட்டரில் படியும் உப்பை யாரும் வாங்குவதில்லை, ஷெட்டில் மூட்டையாகத்தான் கிடக்கும்.

பராமரிப்பில் சில விஷயங்கள். பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக்கில் செய்த மெம்பரேனுக்குக் குளோரின் ஆகாது. நிறம் எடுக்க ஹைப்போ (குளோரின் ப்ளீச்) போடுகிறவர்கள், மிச்சக் குளோரினை முறிக்கும் பைசல்பைட் டோசிங் பம்பைத் தினமும் பார்த்தே ஆகவேண்டும். கரிமப் படிவு இருந்தால் கார வாஷ் முதலில், ஆசிட் அப்புறம். மாற்றிச் செய்தால் அழுக்கு இறுகிவிடும். சித்திரையில் ஃப்ளோ ஏறினால் மெம்பரேன் தேறிவிட்டது என்று நம்பாதீர்கள். ஒரு டிகிரிக்குச் சுமார் 3% கூடுவது வெறும் சூடு.

மாற்றும் நேரம் வந்தால் மொத்த செட்டையும் தூக்காதீர்கள். ஒவ்வொரு ஹவுசிங்கிலும் (மெம்பரேன்களை வரிசையாக அடுக்கிய குழாய்) முதல் எலமென்ட்டையும் (ஒரு மெம்பரேன் சுருள்) கடைசியையும் கழற்றி, தண்ணீர் வடியவிட்டு எடை போடுங்கள். முதலில் உள்ளது கனத்தால் முன் சுத்திகரிப்பில் கோளாறு, கடைசியில் உள்ளது கனத்தால் உப்புப் படிவு. அதைச் சரிசெய்யாமல் புதுசு போட்டால் அதற்கும் அதே கதிதான்.