பழைய ஆம்னிக்கு எஞ்சின்: புதுசா, புதுப்பேட்டையா, ரீபோரா?

என் மாருதி ஆம்னி வேன் 2009 மாடல், பெட்ரோல். கேட்டரிங் சாப்பாடு ஏற்றும் வண்டி. நீலப் புகை தள்ள ஆரம்பித்தது, மேம்பாலம் ஏறினால் பிக்கப் இல்லை, ஆயிலையும் குடித்தது. மெக்கானிக் கேஜ் வைத்துக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், பார்த்தார். ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் ஊற்றி மறுபடி பார்த்ததும் முள் நன்றாக ஏறியது. ஆயில் இடுக்கை அடைத்ததால்தான் முள் ஏறியது, கோளாறு வால்வில் இல்லை, பிஸ்டன் ரிங்தான் தேய்ந்திருக்கிறது என்றார்.

புது எஞ்சினுக்கு 70,000-க்கு மேல் சொன்னார்கள். வண்டியை விற்றாலே அவ்வளவு வருமா தெரியாது. அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில், வேறு வண்டியிலிருந்து கழற்றிய எஞ்சின் 22,000. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சீல், கேஸ்கெட், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் எல்லாம் மாற்றாமல் யாரும் மாட்ட மாட்டார்கள், அது 5,000. இறக்கி ஏற்றும் கூலி 5,000. எஞ்சின் நம்பர் மாறுவதால் ஆர்டிஓ-வில் சொல்லி ஆர்சி-யில் ஏற்றணும், அதற்கு அலைச்சலும் செலவும் 3,000. ஆக 35,000. அந்த எஞ்சின் அதுவரை எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது கழற்றியவருக்கே வெளிச்சம். பில்லும் பழைய வண்டியின் ஆர்சி நகலும் கேட்டேன், கடைக்காரர் பேச்சை மாற்றினார்.

மாருதி 800 எஞ்சினைப் போடச் சொல்பவர்களும் உண்டு. சிசி அதே 796-தான். ஆனால் காரில் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்து முன்சக்கரத்தைச் சுற்றும். ஆம்னியில் சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் இருந்து பின்சக்கரத்துக்குப் போகும். மாட்ட வைக்கும் வேலையே தனிச் செலவு.

கடைசியில் ரீபோர், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது. லேத் பட்டறையில் போர், ஹோனிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட் வேலை சேர்த்து 8,500. பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட், ஆயில் பம்ப், டைமிங் பெல்ட் 15,000. கூலி 8,000, ஆயில், கூலன்ட் 2,500. மொத்தம் 34,000. சிலிண்டர் விட்டம் 68.5 மில்லிமீட்டரிலிருந்து 69 ஆனது, அதாவது 0.50 ஓவர்சைஸ். நம்பர் பொறித்த எஞ்சின் பிளாக் அதேதான் என்பதால் எஞ்சின் நம்பர் தொல்லையும் இல்லை. பிளாக் வெடித்திருந்தால் மட்டும் நானும் புதுப்பேட்டைக்குத்தான் போயிருப்பேன்.

முதல் 1,000 கிலோமீட்டர் 50-ஐத் தாண்டாமல், லோடும் குறைவாக ஓட்டி, ஆயில் மாற்றினேன். இந்தக் கட்டத்தில் பொறுமை இல்லாதவர்கள் ரீபோர் செய்யாமல் இருப்பதே நல்லது. இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. புகை இல்லை, ஆயில் மட்டம் ஒரு சர்வீஸிலிருந்து அடுத்த சர்வீஸ் வரை பெரிதாக இறங்குவதில்லை. ரேடியேட்டர் மட்டும் பழசு. முகூர்த்த சீசன் முடிந்ததும் மாற்றணும்.