பெத் ஓர்ட்டனின் ‘ஷுகரிங் சீசன்’ இசைத்தட்டு: உறையைப் பார்த்து வாங்கக் கூடாத ஒன்று

பாடகி பெத் ஓர்ட்டனின் ‘ஷுகரிங் சீசன்’ 2012-இல் வெளிவந்தது. அந்த இசைத்தட்டில் என்னிடம் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. சேகரிப்பு மோகத்தால் இரண்டு வாங்கவில்லை. முதல் பிரதி கைவிட்டதால்தான் இரண்டாவதைத் தேட நேர்ந்தது. அந்த அனுபவத்தையும் சேர்த்துத்தான் இந்த மதிப்புரையை எழுத வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஓர்ட்டன் கிட்டாரோடு பிறந்தவர் போல இன்று தோன்றினாலும், அவருடைய தொடக்கம் மின்னணு இசையில்தான். இசைத் தயாரிப்பாளர் வில்லியம் ஆர்பிட்டுடன் சேர்ந்து உருவாக்கிய முதல் தொகுப்பு 1993-இல் ஜப்பானில் மட்டும் வெளியானது. 1995-இல் மின்னணு நடன இசை இரட்டையரான கெமிக்கல் பிரதர்ஸின் முதல் தொகுப்பில் பாடினார். 1996-இல் வந்து அவருக்குப் பெயர் வாங்கித் தந்த ‘டிரெய்லர் பார்க்’கின் சில பாடல்களை ஆண்ட்ரூ வெதரால் தயாரித்திருந்தார். அங்கிருந்து படிப்படியாக மின்னணு ஒலிகளைக் கழற்றிவிட்டு, நாட்டார் கிட்டார் மேதை பெர்ட் ஜான்ஷிடம் பாடம் கற்று, முந்தைய தொகுப்புக்குப் பிறகு ஆறு ஆண்டுகள் இடைவெளி விட்டு அவர் கொண்டுவந்ததே இந்தத் தட்டு. மேப்பிள் மரத்திலிருந்து சாறு இறக்கிப் பாகு காய்ச்சும் பருவத்தைத்தான் தலைப்பு குறிக்கிறது. ஒரு லிட்டர் பாகுக்கு ஏறக்குறைய 40 லிட்டர் சாறு வேண்டுமாம். ஆறு ஆண்டுக் காத்திருப்பில் பத்தே பாடல்கள் தேறிய கணக்கும் அப்படித்தான் போலிருக்கிறது.

டக்கர் மார்ட்டீன் தயாரித்த இந்தத் தொகுப்பில், பழைய மின்னணுப் பழக்கம் முற்றிலும் மறைந்துவிட்டது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கருவிகள் மாறியிருக்கின்றன, கட்டுமானம் மாறவில்லை. முதல் பாடலான ‘மேக்பை’யில் கிட்டார் ஒரே சொற்றொடரை விடாமல் சுற்றிவர, பிரையன் பிளேடின் டிரம்ஸ் அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாக எடை ஏற்றுகிறது. நடன இசையில் ஒரு சுழற்சியின் மேல் அடுக்கடுக்காக ஒலி சேர்ப்பார்களே, அதே வேலையை இங்கே மரமும் தோலும் கம்பியும் செய்கின்றன. வில்லியம் பிளேக்கின் கவிதையிலிருந்து எடுத்தாண்ட ‘பாய்ஸன் ட்ரீ’ எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை; கவிதையின் வன்மம் மெட்டில் ஏறவில்லை.

இனி தட்டைப் பற்றி. ஒரு மின்னணு நடனத் தட்டில் தூசியின் கரகரப்பு தாளத்துக்குள் மறைந்துவிடும். இந்தத் தட்டிலோ ஒரு கம்பியை மீட்டி, அது ஓய்ந்து அடங்கும்வரை காத்திருக்கும் இடங்கள் ஏராளம். அங்கெல்லாம் தட்டின் குறை தப்பிக்கவே முடியாது. ‘ஏறத்தாழப் புதிது’ என்ற தரக்குறிப்போடு ஒரு விற்பனையாளர் அனுப்பிய முதல் பிரதியின் உறை உண்மையிலேயே பளபளவென்று இருந்தது. தட்டிலும் கண்ணுக்கு ஒரு கீறல் தெரியவில்லை. ஊசியை இறக்கியதும் எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற ஓசை. இரண்டு முறை கழுவிப் பார்த்தும் அது அடங்கவில்லை. போதாக்குறைக்கு நடுத்துளை இம்மியளவு விலகியிருந்ததால், பியானோ நீண்டு ஒலிக்கும் இடங்களில் சுருதி மெல்ல மேலும் கீழும் ஊசலாடியது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தரம் போடுகிறவர்களின் கண்ணுக்கு இந்த இரண்டு குறைகளும் தட்டுப்படவே படாது.

இரண்டாவது பிரதியை வாங்குமுன், ‘மிஸ்டரி’ என்ற கடைசிப் பாடலின் இறுதி ஒரு நிமிடத்தை ஒலிப்பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். காரணம் இருக்கிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் 12 அங்குலத் தட்டின் வெளி விளிம்பில், தடம் ஊசிக்கடியில் நொடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அதே ஒலியைக் குறைந்த நீளத்துக்குள் அடைக்க வேண்டியிருப்பதால், ‘ஸ’கர ஒலிகள் முதலில் அங்கேதான் சீறத் தொடங்கும். ஓர்ட்டனின் குரலோ மூச்சுக் காற்று கலந்த, ஓரம் சற்றே பிசிறடிக்கும் குரல். நல்லவேளையாக மொத்தப் பாடல்களும் 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடுவதால் தடங்களை நெருக்கிச் செதுக்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டாவது பிரதியில் ‘மிஸ்டரி’ தெளிவாக ஒலிக்கிறது. விரல்கள் கம்பியில் வழுக்கும் ஓசையும், வரிகளுக்கிடையே அவர் மூச்செடுப்பதும் தனித்தனியே கேட்கின்றன. டிஜிட்டல் கோப்பு வடிவத்தில் பலமுறை கேட்ட பாடல்தான் என்றாலும், அந்த மூச்சை நான் கவனித்தது தட்டில்தான்.

உறை பிரிக்காத பிரதிக்குக் கூடுதல் விலை கொடுக்கும் வழக்கம் சேகரிப்பாளர்களிடையே உண்டு. இந்தத் தட்டைப் பொறுத்தவரை நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நடுத்துளையின் விலகல் ஆலையிலிருந்தே வருவது, அதை எந்தப் பிளாஸ்டிக் உறையும் சரிசெய்யாது. ஓட்டிக் காட்டச் சம்மதிக்கும் விற்பனையாளரிடம் பிரித்த பிரதியை வாங்குவதே புத்திசாலித்தனம். வாங்கியதும் காகித உள்ளுறையை மாற்றி, நிலைமின்சாரம் சேராத உறையில் போட்டுவிடுங்கள்.

முதல் பிரதி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. விற்பதென்றால் குறையைச் சொல்லித்தான் விற்க வேண்டும். சொன்ன பிறகு இதுவரை யாரும் மறுபடி பேசவில்லை.