கனத்த மோட்டார் செயிலரா, இலகுவான பாய்ப்படகா?

ஃபிஷர் 30 என்பது வட கடல் மீன்பிடிப் படகின் உடலமைப்பைத் தழுவி 1970களில் இங்கிலாந்தில் கட்டப்பட்ட, இரண்டு பாய்மரங்கள் கொண்ட மோட்டார் செயிலர்; அதாவது பாயோடு வலுவான எஞ்சினையும் நம்பி ஓடும் படகு. எடை சுமார் 6.5 டன். அதே 30 அடி நீளத்தில் இன்றைய ஃபின் கீல் (அடியில் துடுப்புபோல் குறுகலாகத் தொங்கும் கீல்) பாய்ப்படகு ஏறத்தாழ 4 டன் இருக்கும். நீளம் ஒன்றுதான், ஆனால் கடலில் இரண்டின் நடையும் வேறு.

எடையை நீளத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நீர்க்கோட்டு நீளத்தை (நீர்மட்டத்தில் படகின் நீளம், அடியில்) 100ஆல் வகுத்து, வருவதை மும்மடியாக்கி, டன் எடையை அதால் வகுங்கள். 25 அடி நீர்க்கோடுள்ள ஃபிஷருக்கு 416 வரும். 27 அடி நீர்க்கோடுள்ள இலகு படகுக்கு 203. 300ஐத் தாண்டினாலே கனத்த வகை. அலை தூக்கும்போது கனத்த படகு மெதுவாக எழுந்து மெதுவாக இறங்கும். இலகு படகு வெடுக்கென்று எழும். அதன் தட்டையான முன்னடி எதிரலையில் அறையும். பத்து மணி நேரத்துக்குப் பிறகு மாலுமியின் தெம்பில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். இரண்டே பேர் ஓட்டும் படகென்றால் என் ஓட்டு எடைக்கே.

1979 ஃபாஸ்ட்நெட் பாய்ப்படகுப் பந்தயத்தில் 15 பந்தய மாலுமிகள் இறந்தபின் படகு கவிழும் வாய்ப்பைச் சோதிக்க ஓர் எளிய கணக்கு வந்தது: அகலத்தை (அடியில்), படகு இடம்பெயர்க்கும் நீரின் கன அடியின் கனமூலத்தால் வகுப்பது. 2க்குக் கீழே வந்தால் நல்லது. ஒன்பதரை அடி அகல ஃபிஷருக்கு 1.56, பத்தரை அடி அகல இலகு படகுக்கு 2.02. ஆனால் எடை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. சுக்கானறைக் கூரையில் ரப்பர் படகையும் சோலார் பலகையையும் ஏற்றினால், எண் மாறாமலே நிலைப்பு குறையும்.

கனத்த படகு தோற்குமிடம் எதிர்காற்று. அலையுள்ள கடலில் பாயை மட்டும் நம்பினால் காற்று வரும் திசைக்கு 60 பாகையைவிட நெருங்கத் திணறும். நேர் எதிரே 20 கடல் மைல் போக, மாறி மாறிச் சாய்வாக 40 மைல் ஓட வேண்டும்; 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் 8 மணி நேரம். 45 பாகையில் 6 நாட் ஓடும் இலகு படகு 28 மைலில், 5 மணி நேரத்துக்குள் முடித்துவிடும். இங்கேதான் எஞ்சின் கைகொடுக்கிறது. முன்பாயை இறக்கி, பெரும்பாயையும் பின்பாயையும் இறுக இழுத்து, எஞ்சினை மிதமான சுழற்சியில் வைத்து 30 பாகையில் போனால் 23 மைல்தான். 5 நாட் வேகத்தில் நாலரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். பாய் உருளலையும் அடக்கும். பாயே இல்லாமல் பக்க அலையில் எஞ்சினில் மட்டும் ஓடினால் இந்த உருண்ட அடிப்பாகம் ஆழமாக உருளும்.

துறைமுகத்துக்குள் பின்னோக்கிப் போவதில் அடிப்பாகம் நெடுக ஓடும் நீளக் கீல் கொண்ட இந்தப் படகு சுக்கான் பேச்சைக் கேட்காது. பின்னோக்கிச் சுழலும்போது புரொப்பெல்லர் படகின் பின்புறத்தை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வெறும் பாயில் ஓடும்போது புரொப்பெல்லரைச் சுழல விடலாமா என்பதை கியர்பாக்ஸ் கையேட்டில் பாருங்கள். எஞ்சின் நின்றிருக்கையில் உள்ளே எண்ணெய் சுற்றாத வகைகளில் புரொப்பெல்லர் தண்டைப் பூட்டியாக வேண்டும்.

பின்லாந்தின் நாட்டிகேட் 33 இதே குடும்பம்தான். சுக்கானறை பெரிது, உள்ளே இடம் தாராளம். ஆனால் அகலக் கண்ணாடிகள்தான் அதன் பலவீனம். திறந்த கடலுக்குப் போகுமுன் பாலிகார்பனேட் புயல் மூடிகள் தயாராக இருக்க வேண்டும்.

எதிர்காற்றில் எஞ்சினை நம்பும் படகுக்கு டீசல் தொட்டிதான் உயிர். அமைதியான நீரில் அடியில் படிந்து கிடக்கும் கசடும் தண்ணீரும், காற்று கரைப்பக்கம் தள்ளும் நாளில்தான் குலுங்கிக் கலந்து ஃபில்டரை அடைக்கும். முதல் ஃபில்டர் இரட்டையாக, இடையில் மாற்று வால்வோடு இருந்தால் எஞ்சினை நிறுத்தாமலே மற்றதற்கு மாறலாம். முதலில் 30 மைக்ரான், எஞ்சின் பக்கம் 2 மைக்ரான் என்பது பலரும் வைக்கும் அடுக்கு. வெற்றிடமானி ஒன்றைப் பொருத்தினால் முள் ஏறுவதைக் கண்டே அடைப்பை முன்கூட்டி அறியலாம். வாங்குமுன் தொட்டியில் கைநுழையும் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், திறந்து சுத்தம் செய்யும் செலவையும் விலையோடு சேர்த்துப் பேசுங்கள்.