மொரோகோரோவில் தங்குவது: குடும்பத்தோடா, தனி வீட்டிலா?

தான்சானியாவுக்குத் தன்னார்வலராக வந்து, மொழிப் பயிற்சி முடிந்த கையோடு நாம் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு தங்குவதா, தனியாக வீடு எடுப்பதா? நான் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்தேன். மொரோகோரோ நகரில், உலுகுரு மலையடிவாரத்தில், ஒரு வீட்டில் ஓர் அறை. பகலில் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். தனி வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், விடுமுறைக்கு ஊருக்குப் போன தோழியின் வீட்டைச் சில வாரம் பார்த்துக்கொண்டபோது கண்டதும், தனியாக இருக்கும் நண்பர்கள் சொல்லிக் கேட்டதும்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இரண்டு மூன்று தன்னார்வலர்கள் சேர்ந்து ஒரே வீட்டை எடுப்பதும் உண்டு. செலவு குறையும், பேச்சுத்துணையும் இருக்கும். ஆனால் வீட்டுக்குள் ஆங்கிலம்தான் ஓடும், இங்குள்ள மொழியான சுவாஹிலி வாசலோடு நின்றுவிடும். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

தனி வீட்டின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. இஷ்டப்பட்ட நேரத்தில் வரலாம், போகலாம், பிடித்ததைச் சமைக்கலாம், கதவைச் சாத்திக்கொண்டு படுக்கலாம். குடும்பத்தோடு இருந்தால் மொழி தானாக நாக்கில் ஏறும். ராத்திரியில் காய்ச்சல் அடித்தால் மலேரியா பரிசோதனைக்கு எங்கே போக வேண்டும் என்று தெரிந்தவர் பக்கத்து அறையில் இருப்பார். தெருத் தலைவரிடம் நம்மை அறிமுகப்படுத்தி வைக்கவும் ஆள் இருக்கும். இதையெல்லாம் அவரவர் குணத்தைப் பொறுத்து எடை போட்டுக்கொள்ளலாம். என் முடிவைத் தீர்மானித்தது வீட்டை ஓட்டும் வேலை, அதிலும் முக்கியமாகத் தண்ணீர்.

அதற்கு முன் பணம். இங்கே பல வீட்டுக்காரர்கள் ஆறு மாத வாடகையை, சிலர் ஒரு வருட வாடகையை, மொத்தமாக முன்கூட்டியே கேட்பார்கள். நம் ஊர் அட்வான்ஸ் மாதிரி காலி செய்யும்போது திரும்பி வருகிற பணம் இல்லை அது, வாடகையேதான். நமக்கோ தன்னார்வலர் செலவுக்கான படி மாதாமாதம்தான் வருகிறது. வீடும் வெறும் சுவராகத்தான் கிடைக்கும். மெத்தை, கொசுவலை, ஆறு கிலோ கேஸ் சிலிண்டர், அடுப்பு, வாளிகள் என்று வாங்கி முடிப்பதற்குள் கையிருப்பு கரைந்துவிடும். குடும்பத்துக்கு மாதாமாதம் கொடுத்தால் போதும்.

மின்சாரத்துக்கு லூக்கு என்ற முன்பண மீட்டர். எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை வழியாகப் பணம் கட்டினால் 20 இலக்க எண் ஒன்று குறுஞ்செய்தியில் வரும். அதை மீட்டரில் தட்டினால் யூனிட் ஏறும். 2021 முதல் கட்டட வரியையும் இதிலேயே பிடிக்கிறார்கள். வரி வீட்டுக்காரருடையது, போவதோ மீட்டருக்குப் பணம் போடும் குடித்தனக்காரரின் பையிலிருந்து. வாடகை பேசும்போதே இதையும் பேசிவிடுவது நல்லது.

சரி, தண்ணீர். மலையடிவார ஊர், ஓடைகள் ஓடுகின்றன, பக்கத்திலேயே மிண்டு அணை இருக்கிறது. இருந்தும் எங்கள் தெருக் குழாயில் தினமும் தண்ணீர் வருவதில்லை, வருகிற நேரத்தையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சில நாள் நள்ளிரவில் வரும். பல நாள் “நாலு மணிக்கு” வரும். இங்கே மணியை விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். காலை ஏழு அவர்களுக்கு ஒரு மணி, ஆகவே நாலு மணி என்பது நமக்குக் காலை பத்து. அந்த நேரத்தில் நான் வகுப்பில் நிற்பேன். தனியாக இருக்கும் தன்னார்வலர் எவரும் அப்போது வீட்டில் இருக்கமாட்டார்.

எங்கள் வீட்டில் பாட்டி இருக்கிறார். குழாய் முதலில் காற்றாக உறுமும். பிறகு செம்மண் கலந்து கொஞ்ச நேரம் ஓடும், அதை வாளியில் பிடித்துக் கழிவறைக்கு ஒதுக்குவார். தெளிந்த பிறகுதான் மஞ்சள் கேன்களின் முறை. சமையல் எண்ணெய் வந்த இருபது லிட்டர் கேன்கள் அவை. கழுத்துவரை நிரப்பி, வாயில் பாலிதீன் துண்டை மடித்து வைத்து அதன்மேல் மூடியைத் திருகுவார். அப்படிச் செய்தால் கேன் சாய்ந்தாலும் சொட்டாது. குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீர். அடுத்தது குளியலறை டிரம். துணி கடைசியில், குழாய் நிற்கும்வரை. நான் வீட்டில் இருந்தால் கேன் தூக்குவது என் வேலை. குடிதண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து வடிகட்டியில் ஊற்றுவது தினமும் ராத்திரி என் பொறுப்பு.

தோழி வீட்டில் இருந்த வாரங்களில், பாட்டி மாதிரி பகலில் வீட்டில் இருக்கும் ஆள்தான் இல்லை. பள்ளி விட்டு வரும்போது தெருவில் ஈரம் இருக்கும், குழாயில் காற்று மட்டும் வரும். தள்ளுவண்டிக்காரரிடம் கேன் கணக்கில் வாங்க வேண்டியதுதான். வறண்ட நாட்களில் விலை ஏறும், ராத்திரியில் அவரும் வரமாட்டார். மறுநாள் பாடத்துக்குத் தயார் செய்ய வேண்டிய மாலை நேரம், தண்ணீர் தேடுவதிலும் பாத்திரம் கழுவுவதைத் தள்ளிப்போடுவதிலும் போய்விடும். வந்த புதிதில் நம்மிடம் இருக்கும் ஒரே மூலதனம் நேரமும் தெம்பும்தான். அதை இதில் கொட்டிவிட்டால் பள்ளிக்கும் அக்கம்பக்கத்துக்கும் கொடுக்க என்ன மிஞ்சும்? சிம்டேங்க் என்று இங்கே எல்லோரும் சொல்லும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி வைத்த வீடு கிடைத்தால் பாதிக் கஷ்டம் போய்விடும். ஆனால் அப்படிப்பட்ட வீட்டின் வாடகை நம் படிக்குள் அடங்குவது அபூர்வம்.

குடும்பத்தோடு இருப்பதில் சங்கடங்கள் இல்லாமல் இல்லை. ராத்திரிச் சாப்பாடு எட்டரை, ஒன்பது ஆகிவிடும். சோளமாவுக் களியான உகாலி, பீன்ஸ், கீரை என்று சைவம் சாப்பிடுகிறவருக்கும் தட்டு நிறையும். ஆனால் கீரையில் நெத்திலி மாதிரியான டகா மீன் கலந்திருக்கலாம், முதல் வாரமே சொல்லிவிட வேண்டும். விருந்தாளி வந்தால் அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ள முடியாது, கூடத்தில் இருந்து நலம் விசாரிக்க வேண்டும். எனக்கு அது பிடித்திருக்கிறது, எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். தனிமை ரொம்பத் தேவைப்படும் வாரக்கடைசியில் தார் எஸ் சலாம் போய்விடுவேன். 2024இல் மின்சார ரயில் வந்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். கிசுட்டு தெருப் பக்கம் கோயிலும் உண்டு, நம் நாட்டுச் சாப்பாடும் உண்டு.

தம்பதியாக வருகிறவர்களுக்கும், இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கப்போகிறவர்களுக்கும் கணக்கு வேறாக இருக்கலாம். ஒருவர் வீட்டில் இருக்க முடியுமென்றால் என் வாதத்தில் பெரும்பகுதி அடிபட்டுப்போகும். மற்றவர்கள் முதல் ஆறு மாதமாவது குடும்பத்தோடு இருந்துவிட்டு அப்புறம் வீடு தேடலாம். அப்போது மொழியும் கைகொடுக்கும், எந்தத் தெருவில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது என்பதும் தெரிந்திருக்கும். முன்பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். பக்கத்து வீட்டு வாசலில் எத்தனை மஞ்சள் கேன்கள் அடுக்கியிருக்கின்றன என்று பாருங்கள், கடைசியாக எப்போது தண்ணீர் வந்தது என்று அந்த வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள்.