நெல் அறுத்த வயலில் உளுந்து: ஏரா, ரோட்டவேட்டரா, உழாமலே விதைப்பதா?

ஐப்பசி கடைசியில் மழை விட்டதும் பர்மாவில் பெகு பக்கத்துத் தமிழ் ஊர்களில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பங்கு பர்மாவிலிருந்துதான் போகிறது. அந்த விளைச்சல் விதைப்படுக்கையிலேயே பாதி முடிவாகிவிடுகிறது என்பது என் எண்ணம்.

சிக்கல் நெல்லோடு தொடங்குகிறது. தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கத்தான் மண்ணைச் சேறாக்கித் தொழி உழுகிறோம். அதில் மண்ணின் கட்டமைப்பு குலைந்துபோகிறது. அறுவடைக்குப் பின் அதே களிமண் பாளம் பாளமாக வெடிக்கும். உளுந்துக்கோ வேரில் காற்றும், விதையை ஒட்டி ஈரமண்ணும் வேண்டும்.

ரோட்டவேட்டரை, அதாவது டிராக்டரில் பூட்டிச் சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறும் கருவியை, எல்லோரும் விரும்புவதற்குக் காரணம் வேகம்தான். ஈரம் ஓடிப்போவதற்குள் வேலை முடிகிறது. மண்ணும் பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் ஈரம் கூடின களியில் ஓட்டினால் கத்தி மண்ணை வெட்டாமல் மெழுகிவிடும். மண்வெட்டியால் ஒரு சாண் தோண்டிப் பாருங்கள்: கத்தி எட்டிய ஆழத்தில் வழவழவென்று ஒரு படை தெரியும். ஆணிவேர் அங்கே வந்ததும் பக்கவாட்டில் திரும்பிவிடுகிறது. காய்ந்த மண்ணில் இரண்டு மூன்று தடவை ஓட்டினாலோ வெறும் புழுதி. வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகி ஒரு மழை அடித்தால், அந்தப் புழுதி அப்படியே ஓடு பிடித்துக்கொள்ளும். உளுந்து தன் பருப்பைத் தூக்கிக்கொண்டு மேலே வரும் பயிர். இறுகிய அந்த ஓட்டில் முட்டும்போது கழுத்து முறிந்துபோகும்.

ஏர் உழவு மெதுவானது. மாடும் ஆளும் கிடைப்பதும் குறைந்துவிட்டது. ஆனாலும் களி வயலுக்கு என் ஓட்டு அதற்குத்தான். பதத்தில் உழுதால் மண் தன் வெடிப்பு வழியே பிளந்து, அடியில் பொடியும் மேலே சிறு கட்டியுமாக நிற்கும். மழை பெய்தாலும் லேசில் ஓடு பிடிக்காது. ஒன்று, உழுத அன்றைக்கே பரம்புப் பலகையை இழுத்துக் கட்டியை உடைத்துச் சமன் செய்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் கட்டி கல்லாகி, விதை இடுக்கில் விழுந்து காய்ந்துவிடும்.

உழாமல் விதைப்பது, அதாவது அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே நிற்கிற நெல்லுக்குள் வீசுவது, தாழ்ந்த வயலுக்குப் பொருந்தும். ஈரம் வீணாகாது, உழவுச் செலவும் இல்லை. விதை கூடுதலாக வேண்டும். களையும், நெல் தாளிலிருந்து மறுபடி துளிர்க்கும் மறுதாம்பும் தொல்லை. அறுவடை இயந்திரம் இறங்கும் வயலில் முளை நசுங்கிவிடும், அங்கே வேண்டாம். அப்புறம், காவிரிப் படுகை வீடியோ பார்த்துத் தைக்குக் காத்திருக்கக் கூடாது. அங்கே மழை ஓய்வதே தை வாக்கில். நமக்குக் கார்த்திகையிலேயே ஈரம் இறங்க ஆரம்பித்துவிடும்.

எந்த உழவானாலும் பதம் பார்ப்பது ஒன்றுதான். மேல்மண்ணை விட்டுவிட்டு, விரல் நீள ஆழத்தில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குத் திரியாக நீண்டால் இன்னும் ஈரம் அதிகம், காத்திருங்கள். அதற்கு முன்பே உதிர்ந்தால் அன்றைக்கே இறங்கலாம்.

வாடகை ரோட்டவேட்டர்காரர் நம் பதத்துக்கு வருவதில்லை, சரி. மண் திரியாக நீளும் நாளில் வந்தால் அடுத்த வயலுக்கு அனுப்பிவிடுங்கள். பதத்தில் வந்தால் ஒரே தடவைதான் ஓட்ட வேண்டும், அதுவும் ஆழம் குறைத்து. ‘இன்னொரு தடவை ஓட்டித் தரேன்’ என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.